தறிக்குழி மேல் நின்ற பிளாஸ்டிக் வீடு

சேகருக்கு,

உன் கல்யாணத்துக்கு வாழ்த்து மடல் அச்சடிக்க வேண்டுமென்று பஜாரில் இருக்கிற அச்சகத்துக்குப் போனேன். அந்த ஆள் ஒரு கட்டு மாதிரித் தாளை எடுத்து முன்னால் போட்டு, "இதுல எது புடிக்குதோ அதை எடுத்துக்கோங்க, பேரை மட்டும் மாத்திடலாம்" என்றார். படித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நிலா, தேன், தென்றல். உன்னை ஒரு நாளும் கண்ணால் பார்க்காத எவனோ எழுதியது. "என் பையனுக்கு எழுத எனக்குத் தெரியாதா? வெறுந்தாள் இருந்தா கொடுங்க" என்று வாங்கி வந்துவிட்டேன். நான் படித்தது ஐந்தாவது வரைதான். ஆனால் என் கையெழுத்தைப் பார்த்த ஹெட்மாஸ்டர், இவன் மட்டும் மேலே படித்திருந்தால் ஐகோர்ட்டில் தீர்ப்பு எழுதுவான் என்று கண்ணீர் விட்டார். இதற்குச் சாட்சி கேட்காதே. சாட்சிகள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதைப் படிப்பார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் மாப்பிள்ளையின் சித்தப்பா. என் அண்ணனும் அண்ணியும் அடுத்தடுத்துக் காய்ச்சலில் போன பிறகு இவனைத் தோளில் தூக்கி வளர்த்தவன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் பெண் கொடுக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு காலத்தில் வந்தவாசி பஸ் நம் தெருமுனையில் நின்றால், "மாப்பிள்ளை பாக்க வந்தவங்க எல்லாம் இறங்குங்க" என்று கண்டக்டரே கூவுவார். பாதி பஸ் காலியாகும். நான்தான் வேண்டாம் என்றேன். வருகிறவள் இவனை எப்படிப் பார்த்துக்கொள்வாளோ என்று ஒரு பயம். அந்தப் பயத்திலேயே வயது போய்விட்டது.

சேகர், போன மாதம் விமலாவின் அப்பாவோடு வீட்டுக்கு வந்தாய். கூடத்துக்குள் நுழைந்ததும், உன் தறி இருந்த இடத்தில் அந்தப் பச்சை பிளாஸ்டிக் வீடு கதவும் கூரையுமாக நிற்பதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாய். "இன்னா சித்தப்பா இது? பின்கட்டுல வைங்கன்னு அனுப்புனா வூட்டுக்குள்ள வூடு கட்டி வச்சிகீறீங்க?" என்றாய். சம்பந்தி பக்கத்தில் இருந்ததால், அது பெரிய கதை என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். கிளம்பும்போது வாசலில் என் கையைப் பிடித்து இன்னொன்று கேட்டாய். "கல்யாணத்துக்கு அப்புறம் மெட்ராஸ்ல எங்ககூட வந்து இருங்க சித்தப்பா. இங்க தனியா இன்னா பண்ணப் போறீங்க?" நான் சிரித்துவிட்டு, "யார்றா தனியா கீறது? தெருவே என் வூட்லதான் குந்திகினு கீது" என்றேன். அது பதில் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விமலாவும் ஆள் மூலம் கேட்டு அனுப்பினாள். வருவேனா மாட்டேனா என்பதை இந்த மடலில் சொல்லிவிடுவதாக இருக்கிறேன். ஆனால் எதையும் நேராகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நீ கேட்ட இரண்டு கேள்விக்கும் ஒரே கதைதான். முதலில் அந்தப் பிளாஸ்டிக் வீட்டுக்குள் போய்விட்டு வருவோம்.

நீ மெட்ராஸுக்குத் திரும்பி வருவதற்கு முன்னால் நடந்தது இது. அப்போது நீ மஸ்கட்டில் தோட்டச் சாமான் விற்கிற கம்பெனியின் குடோனில் இருந்தாய். ஓரத்தில் கீறல் விழுந்த பிளாஸ்டிக் வீடு ஒன்றை முதலாளி உனக்குச் சும்மா கொடுத்தார் என்றும், ஊர் திரும்புகிற சிநேகிதனின் சாமான்களோடு கப்பலில் அனுப்புவதாகவும் எழுதினாய். பின்கட்டில் நிறுத்தி உள்ளே பட்டு நூலை வைத்தால் எலியும் மழையும் அண்டாது என்றும் எழுதியிருந்தாய். பெட்டி லாரியில் வந்து இறங்கிய அன்றைக்குத் தெருவில் ஒரு தறி ஓடவில்லை. பக்கத்து வீட்டுப் பார்வதி, தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குப் போட்ட கஞ்சிக் கையோடு ஓடி வந்தாள்.

"இன்னாண்ணா இது, பிரிட்ஜா?"

"வூடு."

"வூடா? பொட்டிக்குள்ள எப்படிண்ணா வூடு கீது?"

"ஷேக்கு படுத்துத் தூங்குற வூடும்மா. என் பையன் அதை மடிச்சு அனுப்பிகீறான்."

எதிர் வீட்டு டீச்சரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்தார். புல்தரையில் ஒரு வெள்ளைக்காரி ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இந்த வீடு. "ஐயா, இது மண்வெட்டியும் கூடையும் போட்டு வைக்கிற கொட்டகை. ஆளுங்க தங்குறது இல்லைங்க" என்றார். அது அந்த ஊர் வழக்கம், நம் ஊரில் நாம்தான் முடிவு செய்யணும் என்றேன். டீச்சரம்மா நல்லவர். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

பின்கட்டில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். கிணறு, துவைக்கிற கல், அதைத் தாண்டினால் கக்கூசு. கடல் கடந்து வந்த பொருளைக் கொண்டுபோய் அதற்குப் பக்கத்திலா நிறுத்துவது? "வெயில்ல வச்சா உருகி ஓடிடும்ணா, என் பிளாஸ்டிக் கொடமே அப்டித்தான் நெளிஞ்சுபோச்சு" என்று பார்வதியும் சொன்னாள். போதாததற்குக் குரங்குகள். நம் கூரை ஓடுகளைப் பிரித்துப் போட்டதே அவைதான். இப்படிக் காரணம் சொல்லச் சொன்னால் இன்னும் நிறையச் சொல்வேன். ஆனால் பெட்டி வாசலில் இறங்கிய நிமிஷமே எனக்கு இடம் தெரிந்துவிட்டது. நீ மஸ்கட்டுக்குப் போகும்போது உன் தறியைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனாய். மரச் சட்டம் போனது, குழி அப்படியே கிடந்தது. உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மிதிப்பதற்கென்று நாம் இரண்டு பேரும் வெட்டிய குழி. மண் கொட்டி மூடிவிடு, இருட்டில் யாராவது விழுந்து வைப்பார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். மண் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. குழியாகவே விட்டு வைத்து, போகும்போதும் வரும்போதும் அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன்.

சைக்கிள் கடை கரீம் பாயைக் கூப்பிட்டேன். பெட்டிக்குள் பச்சைப் பலகைகள், வெள்ளைக் கூரை, கதவு, ஒரு பை நிறையப் பிளாஸ்டிக் திருகாணி, ஒரு தாள். தாளில் எழுத்தே இல்லை, எல்லாம் படம். படத்தில் இரண்டு ஆள்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இருவருக்கும் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை, வாயும் இல்லை. "மூஞ்சி இல்லாதவன் சொல்றதை எப்படி நம்புறது?" என்று பாய் தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு நடந்த வேலையை நீ பார்த்திருக்க வேண்டும். நான் வெளியே, பாய் உள்ளே.

"பலகையை ஜல்தி தள்ளுங்க."

"தள்ளிட்டேன் பாய்."

"எங்க தள்ளினீங்க? இது தலைகீழா கீது. ஜன்னலு என் முட்டிக்கு நேரா வருது."

"குந்திகினு வேடிக்கை பாக்கத் தோதா இருக்கும், உடுங்க."

"பேஜாரு புடிச்ச மனுசன்ய்யா நீரு!"

கழற்றி மறுபடி மாட்டினோம். ஒரு பலகையைப் பள்ளத்தில் செருகி உள்ளங்கையால் தட்டினால் டப்பென்று கவ்விக்கொள்ளும். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள். கூரையைத் தூக்கி வைத்த நேரத்தில் ஜனம் அடுத்த ஊர் சேவூர் வரை நின்றது. தாசில்தாரின் ஜீப் போக வழியில்லாமல், அவரே இறங்கி வந்து எட்டிப் பார்த்து, சபாஷ் என்று சொல்லிவிட்டுப் போனார். கரீம் பாயைக் கேட்டால் அது ஐஸ்காரன் வண்டி என்பார். அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல்.

பெட்டியோடு வந்த அடித்தட்டை நான் போடவில்லை. உன் குழி வீட்டின் நடுவில் வரும்படி நிறுத்தியிருந்தேன். அந்தக் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் அப்படியொரு சுகம். தறிக்காரனுக்கு நாற்காலியில் காலை மடக்கி உட்காரத் தெரியாது, கால் பள்ளத்தைத் தேடும். முதலில் நூலை மட்டும்தான் உள்ளே வைத்தேன். பிறகு ரேடியோவைக் கொண்டுபோனேன். பிறகு சாப்பாட்டுத் தட்டு. அப்புறம் தறியை விட்டு எழுந்தால் நேரே அங்கேதான். இரண்டு தறி ஓடிய கூடத்தில் ஒன்று மட்டும் ஓடினால் எப்படி இருக்கும் தெரியுமா? கட்டையை இழுத்து அடிக்கிற சத்தம் எதிர்ச் சுவரில் பட்டு அப்படியே திரும்பி வரும். முன்பெல்லாம் உன் தறிச் சத்தம் நடுவில் வந்து அதை வாங்கிக்கொள்ளும். அந்தப் பச்சை வீட்டுக்குள் உட்கார்ந்தால் நாலு சுவரும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தன. எனக்கு அந்த அளவு வீடு போதுமாக இருந்தது.

ஐப்பசி மழை வந்தது. அந்த வருஷம் பெய்த மாதிரி என் ஆயுசில் பெய்ததில்லை. கமண்டல நாகநதியில் தண்ணீர் போன வேகத்தில் ஒரு தென்னை மரம் நட்டபடியே நின்றுகொண்டு போனதை நான் பார்த்தேன். தெருவில் ஒழுகாத வீடு இல்லை. நம் கூடத்திலும் ஒழுகியது. ஆனால் ஒழுகுகிற கூடத்துக்குள் ஒழுகாத ஒரு வீடு நின்றது! வெள்ளைக் கூரையில் விழுகிற தண்ணீர் வழிந்து சுற்றி ஓடியதே தவிர, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. முதலில் பார்வதிதான் முந்தானைக்குள் ஒரு மூட்டையை மறைத்துக்கொண்டு வந்தாள். "அண்ணா, முகூர்த்தப் பொடவை. நனைஞ்சா நான் செத்தேன். உங்க ஷேக்கு வூட்ல ஒரு ஓரமா வச்சிக்கிறீங்களா?" அவளைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அடுத்த தெரு. பட்டு நூல் கட்டு, சரிகை, மடித்த புடவை என்று எல்லாம் உள்ளே வந்துவிட்டது. நான் கதவருகில் உட்கார்ந்து, எது யாருடையது என்று வாயாலேயே கணக்குச் சொன்னேன். தெருவின் கல்யாணம் அத்தனையும் என் காவலில் இருந்தது என்றால் அது மிகையே இல்லை. சாமானைப் பார்க்க வந்தவர்கள் மழை விடட்டும் என்று உட்கார்ந்தார்கள். டீச்சரம்மா சுக்குக் காபி போட்டு அனுப்பினார். நான் கதை சொன்னேன். சின்ன வயதில் நம் பக்கத்துத் திருமலைக் குகைக்குள் போய், கல் கதவு மூடிக்கொண்டு, உள்ளே ஒரு கரடியோடு மாட்டிக்கொண்ட கதை. அதில் "கதவைத் தொறங்கடா!" என்று நான் அலறுகிற இடம் ஒன்று வரும். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பார்வதி சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் மேலிருந்து வராவிட்டாலும் கீழே குழியில் ஊறிக்கொண்டிருந்தது. மேலே பலகை போட்டு மூடி, அதன் மேல் உட்கார்ந்து சொன்னேன்.

மழை விட்டது. வெயில் அடித்த காலையில் எல்லோரும் வந்து அவரவர் மூட்டையை வாங்கிக்கொண்டு போனார்கள். பாவு காயவேண்டும், தறி ஓடவேண்டும், யாருக்கும் நிற்க நேரமில்லை. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. மத்தியானம் நான் உள்ளே போய்ப் பலகையை எடுத்துவிட்டு, குழித் தண்ணீரைச் சொம்பால் மொண்டுகொண்டிருந்தேன். பின்கட்டிலிருந்து காற்று வந்து கதவை அறைந்தது. டப்பென்று ஒரு சத்தம். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளியேதான். உள்ளே பிடிக்க ஒரு குமிழ்கூடக் கிடையாது. ஜன்னல் என்பதும் திறக்காத பிளாஸ்டிக் தகடுதான். மண்வெட்டியும் கூடையும் தாமாகத் திறந்துகொண்டு வெளியே வரப் போவதில்லை, அதனால் வைக்கவில்லை போலும். அந்தத் தாள் பாயின் சட்டைப்பையில் இல்லாமல் என் கையில் இருந்திருந்தாலும் நான் அதைக் கவனித்திருக்க மாட்டேன்.

கதவைத் தட்டினேன். பிறகு கத்தினேன். என் குரல் உனக்குத் தெரியும். "கதவைத் தொறங்க! பார்வதி! கதவு மூடிகிச்சும்மா!" இடைச்சுவருக்கு அந்தப் பக்கம் பார்வதி தறியில் இருந்தாள். அவள் கட்டை அடிக்கிற சத்தம் நின்றது. காது கொடுத்துக் கேட்கிறாள் என்று இன்னும் பலமாகக் கத்தினேன். அவள் யாரிடமோ சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "அண்ணன் மறுபடியும் கரடிக் கதை உட்டுகினு கீறாரு. யாருக்கோ சொல்லிகினு கீறாரு பாரு." அந்தப் பக்கம் இரண்டு பேர் சிரித்தார்கள். "கதை இல்லம்மா, நெசமாத்தான்" என்றேன். "அதையும் சொல்றாரு பாரு!" என்று இன்னும் சிரித்தார்கள். கட்டைச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

சேகர், என்னை அறிந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும், நான் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். கத்துவதை நிறுத்திய பிறகு அந்த வீட்டுக்குள் இருந்த அமைதியை மட்டும் என்னால் கூட்டியும் சொல்ல முடியவில்லை, குறைத்தும் சொல்ல முடியவில்லை. பச்சைச் சுவர் வழியாக வெளிச்சம் வந்தது. என் கையே பச்சையாகத் தெரிந்தது. காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். நான் உள்ளே இருப்பது தெருவுக்கெல்லாம் தெரியும். என் குரலும் கேட்டுவிட்டது. ஆனாலும் யாரும் வரமாட்டார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் கரீம் பாய் வந்தார். "டீக்கு வரலியே, இன்னா ஆச்சுன்னு பாக்க வந்தேன்" என்று கூடத்தில் குரல் கேட்டது. நான் உள்ளேயிருந்து, "பாய்" என்று மட்டும் சொன்னேன். நான் ஒரே வார்த்தையோடு நிறுத்தியதுதான் அவருக்குப் பயமாகிவிட்டதாம். ஓடி வந்து தாழ்ப்பாளை நீக்கினார். காலெல்லாம் ஊறி வெளுத்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். கோபம் வந்துவிட்டது அவருக்கு.

"அட, ஒரு ஒதை உட்டா பறந்துடும்ய்யா இந்தக் கதவு! காகிதம் மாதிரி கீது. ஒதைக்க வேண்டியதுதானே?"

"பையன் அனுப்புனது பாய். எப்படி ஒதைக்கிறது?"

 அவர் என் தோளில் கை போட்டு எழுப்பிக் கடைக்குக் கூட்டிப் போய் டீ வாங்கிக் கொடுத்தார். மறுநாள் வந்து கதவில் ஓட்டை போட்டு, சைக்கிள் பிரேக் கம்பி ஒன்றைத் தாழ்ப்பாளோடு கோத்து உள்ளே விட்டார். இப்போது உள்ளேயிருந்து இழுத்தால் திறக்கும். நீ வந்தபோது இது என்ன கம்பி என்று கேட்டாயே, அதுதான். விஷயம் தெரிந்து பார்வதி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இந்த மடலைப் படித்துவிட்டு மறுபடி அழுவாள், அப்புறம் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டீர்களே என்று சண்டைக்கும் வருவாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் அவளுக்குச் சொன்ன கதை அவ்வளவு நன்றாக இருந்தது.

வாழ்த்து மடலில் புத்திமதி ஒன்று சொல்ல வேண்டுமாமே, அச்சுக்காரர் நினைவுபடுத்தினார். சொல்கிறேன், இரண்டு பேரும் கேளுங்கள். விமலா உள் அறையிலிருந்து ஏதாவது சொன்னால், தினமும் சொல்கிற சங்கதிதானே என்று நீ பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. எழுந்து போய் முகத்தைப் பார். விளையாட்டாகச் சொன்னாளா வேறு மாதிரியா என்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கண்டுபிடிக்க முடியாது. அம்மா விமலா, உனக்கும் அதுதான். இவன் என்னைப் போல அதிகம் பேசுகிறவன் இல்லை, ஒரே வார்த்தையில் நிறுத்துகிறவன். அது இன்னும் மோசம். நீயும் எழுந்து போய்ப் பார்த்துவிடு.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். அன்றைக்குப் பிறகும் தெரு என்னிடம் அன்பாகத்தான் இருக்கிறது. காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் எட்டிப் பார்க்கிறார்கள். கதை கேட்கிறார்கள், நானும் சொல்கிறேன். அவர்கள் போன பிறகு கூடத்தில் நானும் என் தறியும். நீ கேட்டபோது தெருவே என் வீட்டில் இருக்கிறது என்று சொன்னேன். தெருவில் அவரவருக்கு வீடு இருக்கிறது. எனக்கு இங்கே தனியாக இருக்க முடியவில்லை. நான் வருகிறேன்.

தறியில் இருக்கிற பாவு விமலாவுக்கான புடவை. அதை அறுத்துக் கையில் கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு யாருக்கும் நெய்வதாக ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டுச் சாவி கரீம் பாயிடம். கூடத்தில் பார்வதி இன்னொரு தறி போட்டுக்கொள்ளட்டும். மெட்ராஸில் என்னை யாருக்கும் தெரியாது என்று டீச்சரம்மா கவலைப்படுகிறார். அங்கே எந்தக் கதையும் பழசாகாது, நான் அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் கல்யாணம் ஆன மறுநாளே என்னைக் கூட்டிப் போகாதே. புதுசாகக் குடித்தனம் வைக்கிறவர்கள் கொஞ்ச நாள் உங்கள் பாட்டுக்கு இருங்கள். சண்டை போடுங்கள், சோற்றைக் குழைய விடுங்கள், பக்கத்தில் ஒரு கிழவன் உட்கார்ந்து கணக்கெடுக்க வேண்டாம். ஒரு மாதம் போகட்டும். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயே வந்து கூட்டிப் போ. ஒரு மாதம் என்று நான் பெரிய மனிதன் மாதிரி எழுதிவிட்டேன். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உனக்கு வேலை ஒன்றும் இல்லையென்றால், அன்றைக்கே வந்துவிடு.

உன் சித்தப்பா